மத்தியானம் வந்த கட்டைவிரல்

இது நடந்தது. கற்பனை என்று நினைக்கிறவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும்; அந்த நேரத்தை நின்று அனுபவித்தவள் நான். நடு ராத்திரி, நாய் ஊளை, காற்றில் அடித்துக்கொள்ளும் ஜன்னல் எதுவும் இதில் கிடையாது. பட்டப்பகல். என் மகளிடம் சொன்னபோது, "ஏம்மா, வெயில்ல வந்த பேயா? குடை பிடிச்சுக்கிட்டு வந்துச்சா?" என்று சிரித்தாள். முழுக்கக் கேட்ட பிறகு அன்றைக்கு அவள் தனியாகப் படுக்கவில்லை.

என் வீட்டுக்காரர் சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். எட்டு வருஷமாக அவருக்கு வலது தொடை இடுக்கில் ஒரு வீக்கம். முதலில் சுண்டைக்காய் அளவு. பிறகு முட்டை அளவு. இருமினால் வெளியே வரும். மல்லாந்து படுத்தால் உள்ளே போய்விடும். குடலிறக்கம். வயிற்றுச் சுவரில் அந்த இடத்துத் தசை விட்டுப்போய், அந்த ஓட்டை வழியாகக் குடல் எட்டிப் பார்க்கிறது என்று டாக்டரம்மா காகிதத்தில் படமே வரைந்து காட்டினார்.

"ஓட்டை தானா மூடாது. மாத்திரையில தீராது. வலை வச்சுத் தச்சுட்டா ஒரு மணி நேர வேலை. மறுநாளே வீட்டுக்குப் போயிடலாம்."

இவர் தலையைத் தலையை ஆட்டினார். வெளியே வந்ததும், "அந்த இடத்தை ஊருக்கெல்லாம் திறந்து காட்டச் சொல்றியா?" என்றார். ஆபரேஷன் ஆனவனை மூட்டை தூக்க விடமாட்டார்கள் என்ற பயம் வேறு. பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டே காலம் தள்ளினார்.

கிடங்கில் பாதிப் பேருக்கு இந்த ரகசியம் உண்டு. அதற்கு அங்கேயே ஒரு வைத்தியரும் உண்டு. வயதில் மூத்த சுமைக்காரர். ஆளை மூட்டைகள் மேல் படுக்கவைத்து, காலைத் தூக்கிப் பிடித்து, கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளிவிடுவார். அதனால் அவர் பெயரே கட்டைவிரல். படித்துப் பட்டம் வாங்காத டாக்டர் என்று எல்லோரும் கேலி செய்வார்கள். செய்துவிட்டு அவரிடமே போய்ப் படுப்பார்கள்.

அன்று வியாழக்கிழமை. மத்தியானம் 12.50. இவர் சுவரைப் பிடித்துக்கொண்டே மூன்று மாடி ஏறி வந்தார். முகம் சாம்பல் நிறம். என்னை ஏறிட்டும் பார்க்காமல் உள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"என்னங்க?"

"உள்ள போக மாட்டேங்குது."

"கதவைத் திறங்க, நான் பாக்கறேன்."

"வேணாம். நானே பாத்துக்கறேன்."

1.20. வாந்தி எடுக்கும் சத்தம். மறுபடியும். மறுபடியும். எதிர் வீடு பூட்டிக் கிடந்தது. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"வீக்கம் கல்லு மாதிரி இருக்கா? தோல் சிவந்திருக்கா? கேளுங்க."

கதவில் வாயை வைத்துக் கேட்டேன். "ஆமா... ஆமா..." என்று முனகல் வந்தது.

"அம்மா, கவனமாக் கேளுங்க. குடல் ஓட்டையில மாட்டிக்கிச்சு. ரத்த ஓட்டம் நின்னுக்கிட்டிருக்கு. இனிமே யாரும் அதை அழுத்தக் கூடாது. செத்த குடலை உள்ள தள்ளினா ஆளே போயிடுவாரு. தண்ணிகூடக் குடுக்காதீங்க. ஆம்புலன்ஸ் அனுப்பறேன். பாலத்துல வேலை நடக்குது, கொஞ்சம் தாமதமாகும். தைரியமா இருங்க."

"ஆம்புலன்ஸ் வருதுங்க," என்று கதவில் சொன்னேன்.

"ஐயோ, மானமே போச்சுடி..."

அதற்குப் பிறகு உள்ளே முனகல்கூட இல்லை.

மணி 1.40.

1.50. வாசல் கதவு தட்டப்பட்டது. மூன்று தட்டு. அதற்குள் வந்துவிட்டார்களா என்று ஓடிப்போய்த் திறந்தேன். சங்கிலி மாட்டியிருந்தது. நாலு விரல் இடைவெளி.

கட்டைவிரல் அண்ணன் நின்றிருந்தார்.

அவரைப் பார்த்து மூன்று வாரம் இருக்கும். மகள் வீட்டுக்குப் போயிருப்பதாக இவர் சொல்லியிருந்தார். அப்பாடா, உள் கதவை உடைக்க ஓர் ஆள் கிடைத்தது என்றுதான் முதலில் தோன்றியது. சங்கிலியில் கையும் வைத்துவிட்டேன். ஆனால்... அந்த மனுஷர் மாடி ஏறினால் முதல் மாடியிலேயே மூச்சிரைப்பு கேட்கும். "எந்தப் புண்ணியவான் உங்க வீட்டை இம்புட்டு உசரத்துல கொண்டுபோய் வச்சான்?" என்று கத்திக்கொண்டேதான் வருவார்.

அன்று காலடிச் சத்தமே இல்லை. மூச்சிரைப்பும் இல்லை.

"அவனுக்கு உள்ள போகாம நின்னுபோச்சாமே. சீக்கிரம் தங்கச்சி."

"உங்களுக்கு யாருண்ணே சொன்னா?"

அவர் முகத்தை இடுக்குக்கு இன்னும் கிட்டே கொண்டுவந்தார்.

"அழுத்தவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்கண்ணே."

"எனக்கும் இப்படித்தான் நின்னுச்சு. தள்ளி விட்டுக்கிட்டேன். இப்ப வலியே இல்ல."

சிரித்தார். உதடு மட்டும் விரிந்தது. கண் அசையவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த வரை அது ஒரு தடவைகூட இமைக்கவில்லை.

மாடிப்படியில் வெயில் கொதித்தது. கதவிடுக்கில் வந்த காற்று மட்டும் ஈரச் சிமெண்ட் மாதிரி சில்லென்று...

கதவைச் சாத்தப் பார்த்தேன். முடியவில்லை. எதுவும் தடுக்கவில்லை. ஆனாலும் சாத்த முடியவில்லை.

2.05. பின்னால், உள் அறையிலிருந்து இவர் குரல்.

"கட்டைவிரல் வந்துட்டானா? உள்ள விடுடி."

"டாக்டரம்மா வேணாம்னு..."

"அவங்க வர்றதுக்குள்ள நான் செத்துருவேன். விடு."

முன்னால் ஒரு கதவு. பின்னால் ஒரு கதவு. நடுவில் நான். எட்டு வருஷம் அந்தப் பெல்ட்டைத் துவைத்துக் காயவைத்தவள். அவரோடு சேர்ந்து ஒளித்தவள். என்ன செய்வதென்று தெரியாமல் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

"சங்கிலிய எடுக்க வேணாம் தங்கச்சி," என்றார் வெளியே நின்றவர். "சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

கிடங்கிலும் அவர் வழக்கம் அதுதான். கூட வந்த ஆள் சரி என்று வாய்விட்டுச் சொல்லாமல் யார் மேலும் கை வைக்கமாட்டார். பின்னால் பழி வரக் கூடாதாம்.

2.12.

"சொல்லுடி..."

"சொல்லு தங்கச்சி..."

"வலி தாங்கலடி... சொல்லிடு..."

"ஒரு வார்த்தை தங்கச்சி..."

ஒரு குரல் நின்ற இடத்தில் மற்றது தொடங்கியது. நடுவில் மூச்சு விடும் இடைவெளிகூட இல்லை.

ஒருவரே பேசுவது போல...

2.17. என்னால் முடியவில்லை. 'ச' என்று வாய் திறந்துவிட்டேன்.

கதவிடுக்கில் ஒரு கட்டைவிரல் நுழைந்தது.

கறுப்பு. நகம் மட்டும் அல்ல... விரல் முழுக்க.

வாயைப் பொத்திக்கொண்டேன். உள்ளங்கையைக் கடித்தேன். ரத்தம் கரித்தது. விடவில்லை.

2.20.

2.24.

கீழே ஆம்புலன்ஸ் சத்தம்.

இடுக்கில் யாரும் இல்லை.

படியேறி வந்த இரண்டு பேரும் வழியில் யாரையும் பார்க்கவில்லை என்றார்கள். உள் அறைத் தாழ்ப்பாளை உடைத்துத்தான் இவரை வெளியே தூக்கினார்கள்.

ஆபரேஷன் முடிந்து வந்த சர்ஜன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு ஜாண் குடல் கறுத்துப்போச்சு. வெட்டி எடுத்துட்டோம். யாராவது அழுத்தி உள்ள தள்ளியிருந்தா வீக்கம் மறைஞ்சிருக்கும். நீங்களும் சரியாயிடுச்சுன்னு நிம்மதியாத் தூங்கியிருப்பீங்க. உள்ளுக்குள்ள வெடிச்சு, காலையில ஆள் இருந்திருக்கமாட்டாரு."

மூன்றாம் நாள் கிடங்கு மேஸ்திரி பார்க்க வந்தார். "கட்டைவிரல் அண்ணன்கிட்ட சொல்லுங்க, அன்னிக்கு நான் கதவைத் திறக்காததுக்குக் கோவிச்சுக்க வேணாம்னு," என்றேன்.

மேஸ்திரி என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா சொல்றீங்க? அவர் செத்து இருபது நாள் ஆச்சே. இதே நோவுதான். தானே அழுத்தி உள்ள தள்ளிக்கிட்டு, வலியே இல்லைன்னு சிரிச்சாராம். விடியறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. உங்க வீட்டுக்காரர்தானே முன்னால நின்னு தூக்கினாரு?"

அவர் போகும்வரை பொறுத்திருந்தேன்.

"மகள் வீட்டுக்குப் போயிருக்காருன்னு எங்கிட்ட பொய் சொன்னீங்களே."

"உண்மையச் சொன்னா, ஆபரேஷன் ஆபரேஷன்னு என் உயிரை எடுப்பே."

"சரி, செத்தவருன்னு தெரிஞ்சும் எதுக்கு உள்ள விடச் சொன்னீங்க?"

"நான் எங்கடி சொன்னேன்? நீ ஆம்புலன்ஸ்னதும் துண்டைச் சுருட்டி வாயில திணிச்சுக்கிட்டேன், கத்தினா எல்லாரும் வந்துருவாங்கன்னு. தாழ்ப்பாளை உடைச்சு வந்தவங்கதான் அதை எடுத்தாங்க."



"அப்ப... வாசல்ல நின்னு அவர் கேக்கக் கேக்க, உள்ளேருந்து பேசினது..."

"வாசல்லயா?"

இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அவன் என் கால்மாட்டுலதானே உட்கார்ந்திருந்தான். வீக்கத்து மேல கட்டைவிரலை வச்சுக்கிட்டு. வலி தாங்காம, அழுத்திடுடான்னு நான்தான் கண்ணால கெஞ்சினேன்..."

"என்ன சொன்னாரு?"

"'இருடா... உன் வீட்டுல இன்னும் சரி சொல்லலை'ன்னான்."