பட்டுக்கடையில் புயல் என்று சொல்லாதே

பட்டுப் புடவைக் கடையில் வேலைக்குச் சேருகிறவன் தன் வாயில் பாதியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வர வேண்டும். மீதிப் பாதி சிரிப்பதற்கு. காஞ்சிபுரத்தில் வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் மண்டி போட்டு, நாள் முழுக்கப் புடவையை விரித்து, விரித்ததை எல்லாம் மடித்து முட்டி தேய்ந்த சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்கள் முன்னால் 'இல்லை' என்ற வார்த்தை வரக் கூடாது. அரக்குச் சிவப்பு தீர்ந்துபோயிருந்தால் 'நாளைக்கு வருதும்மா' என்றுதான் சொல்ல வேண்டும். சாவு, நோவு, ஆஸ்பத்திரி எதுவும் அவர்கள் காதில் விழக் கூடாது. தும்மல் வந்தால்கூடப் பின்கட்டுக்கு ஓட வேண்டும். ஓடியிருக்கிறேன்.

எழுபதுகளில் ஒரு வருஷம், தீபாவளி முடிந்த கையோடு கல்யாண சீசன் பிடித்துக்கொண்டது. என் மனைவி கஸ்தூரி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். தாய்வீடு நாகப்பட்டினத்தில். கடலுக்குப் பக்கத்துத் தெரு, ஓட்டு வீடு. அங்கே அவளும், மாமியாரும், மச்சான் சேகரும். அந்தச் சமயம் பார்த்துத்தான் புயல் கிளம்பியது. இனி நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ரேடியோவின் காதைத் திருகியது

கல்லாப்பெட்டி மேல் முதலாளியின் டிரான்சிஸ்டர் இருக்கும். மத்தியானச் செய்தியில் புயல், நாகப்பட்டினம் என்று இரண்டு வார்த்தை காதில் விழுந்ததும் எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. எதிரே மெட்ராஸ் பார்ட்டி. பெண்ணுக்குச் சித்தியாம், வைரத்தோடு போட்ட அம்மா, முகத்தைச் சுளித்தார். "கல்யாணப் புடவை எடுக்கிற எடத்துல இதெல்லாம் எதுக்குங்க?" என்றார். அவ்வளவுதான். முதலாளி ரேடியோவின் காதைத் திருகினார். பாட்டு வந்தது.

"அம்மா, என் சம்சாரம் அந்த ஊர்லதான் இருக்குது. மாசமா இருக்குது. ஒரே ஒரு நிமிஷம் கேட்டுக்கறேம்மா" என்று கெஞ்சினேன். அந்த அம்மா கெட்டவர் இல்லை, த்சொ த்சொ என்று உச்சுக் கொட்டினார். கொட்டிவிட்டுச் சொன்னார்: "நியூஸ் சாயங்காலமும் சொல்லுவாம்பா, புயல் எங்க ஓடிடப் போவுது? நீ அந்த வெங்காயக் கலரை எடு."

பழக்கமாம்

அடுத்து வந்தவர் ஒரு பெரிய மனுஷர். மடியில் நியூஸ் பேப்பர், நெற்றியில் சந்தனம். பெண்டுகள் புடவை பார்க்க, இவர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் குனிந்து, மற்றவர் காதில் விழாமல், "சார், நாகப்பட்டினம் பத்தி ஏதாச்சும் போட்டுருக்குதா?" என்றேன். விவரம் கேட்டார். சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு, ஏதோ வானத்தையே விலைக்கு வாங்கினவர் மாதிரி சாய்ந்து உட்கார்ந்தார்.

ஓட்டு வீடு என்று சொன்னேன், கேட்கவில்லை. கடல் எட்டிப் பார்க்கிற தூரம் என்று சொன்னேன், அதற்கும் சிரிப்பு. என் பெண்டாட்டி சின்ன காஞ்சிபுரத்தில் வாசல் கோலம் மழையில் கரைந்தாலே கண் கலங்குகிறவள், அவளுக்கு என்ன பழக்கம்! அந்த ஆள் என் தொடையில் ஒரு தட்டுத் தட்டிச் சொன்னார்: "நம்மூர் கருடசேவைக்குக் கூட்டம் வர்றாப்பல அவங்களுக்குப் புயல், வருஷா வருஷம் வரும், போவும், பழக்கம்பா."

லீவு கேட்ட கதை

முதலாளியிடம் போய் நின்றேன். பஸ் போகிற வரைக்கும் போகிறேன், அப்புறம் நடக்கிறேன், லீவு கொடுங்கள் என்றேன். அவர் கணக்குப் பார்ப்பதை நிறுத்தவில்லை. முகூர்த்த நாளில் ஓர் ஆள் குறைந்தால் கடை என்ன ஆவது என்றார். நான் நகரவில்லை. பக்கத்தில் என்னோடு வேலை பார்க்கும் வெங்கடேசலு, 'வேணாம்பா, வந்துடு' என்று கண்ணைக் காட்டினான். இந்த வெங்கடேசலுவைப் பற்றி ஒரு வார்த்தை. நான் அரை மணி பேசிக் கனிய வைத்த பார்ட்டியை, "அம்மா, இந்தப் பக்கம் பாருங்க" என்று ஒரே இழுப்பில் தன் மெத்தைக்கு இழுத்துக்கொள்வான். அவனே எனக்காகக் கண்ணைக் காட்டுகிறான் என்றால் என் முகம் எப்படி இருந்திருக்க வேண்டும்!

கடைசியில் முதலாளி தலையைத் தூக்கினார். நெஞ்சில் ஈரம் இருக்கும் என்று நினைத்தேன், நான் ஒரு மடையன். அவர் கேட்டது இது: "நீ போய் என்னப்பா பண்ணப் போற, காத்தைக் கையால புடிச்சு நிறுத்தப் போறியா?"

லைன் கிடைக்கவில்லை

சாப்பாட்டு நேரத்தில் தபாலாபீசுக்கு ஓடினேன். கஸ்தூரி வீட்டுத் தெருமுனையில் அரிசி மண்டி, அங்கே போன் உண்டு. டிரங்க் கால் போட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் நாலைந்து பேர், எல்லார் முகத்திலும் அதே பேயறைந்த களை. கவுன்ட்டரில் இருந்தவர் 'லைன் டவுன்' என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன், லைன் டவுன். தந்தி போகுமா என்றேன், அதுவும் போகாது. திரும்பவும் எழுந்து போய்க் கேட்டேன். தப்பா? பெண்டாட்டியைப் பற்றிக் கேட்பது தப்பா? மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்துச் சொன்னார்: "ஊர்ல நீ ஒருத்தன்தான் சம்சாரம் வச்சுக்கினு இருக்கியா?"

அன்று ராத்திரி புயல் கரை ஏறியது. நான் எப்படி இருந்தேன் என்பதை விடுங்கள்.

தறிக்குழியில் தண்ணீர்

மறுநாள் காஞ்சிபுரத்திலும் கொட்டு கொட்டென்று கொட்டியது. பேப்பரில் மரம் சாய்ந்த படம், வீடு சாய்ந்த படம். எந்தத் தெரு என்று போடவில்லை. ஒவ்வொரு படத்தையும் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தேன், எல்லா ஓடும் ஒரே மாதிரிதான் இருந்தது. அந்த நேரத்தில் ஆர்டர் கொடுத்த புடவையை வாங்க ஒருவர் வந்தார். நெசவாளி கால் விட்டு உட்காருகிற தறிக்குழியில் முழங்கால் தண்ணீர், பாவு நூல் நனையாமல் காப்பாற்றியதே பெரிசு, நாலு நாள் பொறுங்கள் என்று பக்குவமாகச் சொன்னேன். ஊரே மிதக்கிறது, அந்த மனுஷர் கோபித்துக்கொண்டு எழுந்தார். "என்னய்யா இது, ஒரு மழைக்கே இந்த ஊர்ல தறி நின்னுபோனா, எங்க வீட்டுக் கல்யாணத்தைத் தள்ளியா வைக்க முடியும்?"

எல்லாரும் நல்லவர்களாகிவிட்ட நாள்

அதற்கடுத்த நாள் காலையில் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஜனம் வந்து இறங்கியது. கல்யாணப் பெண், அவள் அத்தை, அத்தைக்குப் பின்னால் ஒரு படை. நான் விரிக்க ஆரம்பித்தேன். அத்தைக்கு எதுவும் பிடிக்கவில்லை. அரக்கைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்தில் பார்க்க வாசலுக்குப் போவார், திரும்பி வந்து மாம்பழ மஞ்சளைத் தூக்கிக்கொண்டு போவார். ஜரிகை கெட்டியா என்று நகத்தால் சுரண்டுவார்.

நடுவில் முதலாளி வந்தார். "தாமு, காப்பி சாப்புட்டியாப்பா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் டீ குடிக்கப் போனால் கடிகாரத்தைப் பார்க்கிற மனுஷர் இவர். கணக்குப்பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெங்கடேசலு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பார்ட்டியை இழுக்க வந்திருக்கிறான் என்று நினைத்தேன். அவன் நான் விரித்த புடவைகளை எடுத்து ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தான்.

சகோதரர்களே, உங்களுக்குப் புரிந்திருக்கும். ஒருவன் விரித்ததை இன்னொருவன் மடிக்கிற வழக்கம் எந்தக் கடையில் உண்டு? மடித்தால் விரித்தவன் வீட்டில் எழவு என்று அர்த்தம். "என்னாடா?" என்று உதட்டை மட்டும் அசைத்தேன். அவன் கண்ணில் தண்ணீர். எதிரே உட்கார்ந்திருந்த ஜனத்தைக் கண்ணால் காட்டி, இப்போ வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கத்திக்கொண்டு எழுந்து ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பின்னால் என்ன இருக்கிறதோ என்ற பயம் காலைக் கட்டிவிட்டது. முந்தானையை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன், ஜரிகை மினுக்கு மினுக்கென்று மின்னுகிறது. அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஏம்பா, கல்யாணப் புடவை காட்றவன் மூஞ்சி இப்படியா இருக்கும்? கொஞ்சம் சிரிச்சாப்பல இரு."

சிரித்தேன். அந்தப் பாவத்துக்கு யார் பொறுப்பு என்று எனக்கு இன்னமும் தெரியாது.

பின்கட்டு

ஒருவழியாக அரக்கே முடிவானது. வெற்றிலை பாக்கு, குங்குமம் வைத்துப் புடவையைக் கொடுத்து, முதலாளி வாசல்வரை போய்க் கும்பிட்டு, வேன் தெருமுனை திரும்பிய பிறகுதான் என் பக்கம் வந்தார். "மனசைத் தைரியமா வச்சுக்கப்பா. நாகப்பட்டினத்துலேருந்து உன் மச்சான் வந்துருக்கார். காலையிலேயே வந்துட்டார். பின்கட்டுல ஒக்கார வச்சுருக்குது."

ஓடினேன். சாயம் போட்ட நூல் காயும் கொடிக்குக் கீழே ஒரு முக்காலியில் சேகர் உட்கார்ந்திருந்தான். தலை மொட்டை. மீசை இல்லை. வேட்டி எல்லாம் சேறு. பெற்றவள் போனால்தானே பிள்ளை இப்படி மொட்டை அடிப்பான்? மாமியார் போய்விட்டார், வீடு விழுந்திருக்கிறது, அப்படியானால் கஸ்தூரி? அதற்கு மேல் யோசிக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

என்னைப் பார்த்ததும் சேகர் ஓடி வந்து கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். நானும் அழுதேன். வெங்கடேசலுவும் எங்களுக்குப் பின்னால் நின்று அழுதான். கொஞ்ச நேரம் கழித்து சேகர் மூக்கைச் சிந்திவிட்டு, "அத்தான், நீங்க நல்லாத்தானே இருக்கீங்க?" என்றான்.

"எனக்கென்னடா கேடு? கஸ்தூரி எங்கடா?"

"அக்காவுக்கு என்ன? நல்லாருக்கு. புயலன்னிக்கே பொண்ணு பொறந்துடுச்சு அத்தான், அரிசி மண்டி மாடியில. தெருவே அங்கதான் ஏறியிருந்துச்சு. அம்மாதான் பிரசவம் பார்த்தாங்க. வீடுதான் போச்சு, ஒரு ஓடு பாக்கியில்ல." சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கடைசி வீட்டுக்காரங்க மட்டும் மண்டிக்கு வந்து சேரல."

"அப்புறம் இந்த மொட்டை?"

"எல்லாரும் உசுரோட தப்பிச்சா மொட்டை போடறேன்னு காத்தடிக்கும்போதே வேண்டிக்கிட்டேன். லாரி புடிச்சு வர்ற வழியில வைத்தீஸ்வரன்கோயில்ல எறங்கி முடிச்சுட்டேன். தலையில பூசின சந்தனமெல்லாம் மழையில போயிடுச்சு."

விஷயம் இதுதான். வாசலில் சேகர் 'நாகப்பட்டினத்துலேருந்து வர்றேன்' என்று சொன்னதும், வெங்கடேசலு அந்தச் சந்தனமில்லாத மொட்டையைப் பார்த்தான். வேனிலிருந்து இறங்கும் கல்யாண ஜனத்தைப் பார்த்தான். பையன் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் வாயைப் பொத்தி, கையைப் பிடித்து இழுத்துப் போய்ப் பின்கட்டில் உட்கார வைத்துவிட்டான். சேகர் வாய் திறந்தபோதெல்லாம், 'எதுவும் சொல்லாதப்பா, எங்களுக்குத் தெரியும், காப்பி குடி' என்று ஆளுக்கொரு டம்ளர். எழவு சேதி கொண்டுவந்தவனிடம் எப்படி என்று கேட்கக் கூடாதாம். 'அத்தான் எங்கே?' என்று அவன் கேட்டால் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்களாம். பாவம், சேகர் நான்தான் செத்துப்போய்விட்டேன் என்று நினைத்து, குடித்த காப்பி எல்லாம் நெஞ்சிலேயே நிற்க, காலையிலிருந்து அழுதுகொண்டிருந்திருக்கிறான்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! கல்லாவுக்கு முன்னால் போய் நின்று, வாழ்நாளில் முதல் தடவையாக முதலாளியைப் பார்த்துச் சத்தம் போட்டேன். "என் பெண்டாட்டி உசுரோட இருக்கிறான்னு சொல்ல வந்தவனை வாயைப் பொத்தி உள்ள தள்ளிட்டு, என்னை இங்க சிரிக்க வச்சீங்களேய்யா! நீங்களெல்லாம் மனுஷங்கதானா? புடவைதான் பெரிசா?" பெண் குழந்தை பிறந்திருப்பதையும் அதே கோபத்தில் சொல்லி முடித்தேன்.

முதலாளி பதறிப்போனார். நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார். சரி, இப்போதாவது மனசு சுட்டதே என்று நினைத்தேன். அவர் வேன் போன திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பொம்பளப் புள்ள, மகாலட்சுமி பொறந்துருக்குதுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, அந்தம்மாகிட்ட நல்ல சகுனம்னு சொல்லி அந்த மாம்பழ மஞ்சளையும் தள்ளிவிட்டிருக்கலாமேப்பா!"

ஆகவே நண்பர்களே, பட்டுக்கடையில் நல்ல சேதி கெட்ட சேதி என்ற பேதமெல்லாம் கிடையாது, பார்ட்டி இருக்கும்போது வந்த சேதி, பார்ட்டி போன பிறகு வந்த சேதி, அவ்வளவுதான்.