கொக்கி, தொப்பை, கைத்தடி

போன வாரம் ஒரு மெயில் வந்தது. இலவசமாக வெப்சைட் வைத்துக்கொள்ள இடம் கொடுக்கிற ஒரு கம்பெனி, கடையைச் சாத்துகிறோம், மாதக் கடைசிக்குள் உங்கள் பக்கங்களை எடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தது. ரொம்ப மரியாதையான மெயில். எட்டு வருஷம் சும்மா குடியிருக்க விட்ட வீட்டுக்காரர், 'இடிக்கப்போறேன் தம்பி, சாமானை எடுத்துக்கோ' என்று சொல்கிற மாதிரி. அதைப் படித்ததும் எனக்கு நனைந்த குடையின் வாசனை அடித்தது. மெயிலில் ஏதுடா வாசனை என்று கேட்பாய். சொல்கிறேன், இரு.

கேரளத்தில், கிழக்கேகோட்டையில் பஸ்கள் வளைந்து திரும்புகிற மூலையில், ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில், பிஜு சேட்டனின் பிரவுசிங் சென்டர் இருந்தது. ஆறு கம்ப்யூட்டர், ஒரு மோடம். வாசலில் பழைய பெயின்ட் டப்பா. குடைகளை அதில்தான் செருக வேண்டும். ஜூனில் ஆரம்பித்தால் அந்த டப்பா காய்வதே இல்லை. கீழேயிருந்து புது ரப்பர் செருப்பு வாசனை, மேலே ஈரக் குடை வாசனை. என்னைப் பொறுத்தவரை இன்டர்நெட்டின் வாசனை அதுதான். இன்றைக்கும் குடை நனைந்தால் கை தானாக மௌஸைத் தேடும்.

அப்போது நான் டிகிரி முடித்துச் சும்மா இருந்தேன். 'சும்மா' என்று வீட்டில்தான் சொன்னார்கள். நான் 'கம்ப்யூட்டர் புலி' என்று சொல்லிக்கொண்டேன். என் கூடப் படித்த செல்வத்துக்கு அந்த வசதி கிடையாது. அவன் பொன்முடி எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துப் பையன். அப்பா, அம்மா இரண்டு பேரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை. வேலை கிடைக்காவிட்டால் எஸ்டேட் ஆபீசில் ஆள்கணக்கு நோட்டு எழுத வரச் சொல்லி அவன் அப்பா பேசி வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை சேர வேண்டும். அதற்கு முந்தின நாள், திங்கள் காலை, கழக்கூட்டம் பக்கம் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் அவனுக்கு இன்டர்வியூ. 'உன் கையால் செய்த ஏதாவது ஒன்றைக் கொண்டு வா' என்று கடிதத்தில் போட்டிருந்தது.

அவன் கையால் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஆனால் அது செமையான ஒன்று.

அவன் அம்மா பாக்கியம் தமிழ் நன்றாகப் படிப்பார். மலையாளம் பேசுவார், படிக்க வராது. பஸ் போர்டெல்லாம் மலையாளத்தில். ஒருதடவை மலைக்குத் திரும்ப வேண்டியவர் ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி நெய்யாற்றின்கரையில் போய் இறங்கினார். யாரிடமாவது கேட்டிருக்கலாமே என்றால், 'எல்லாரும் படிச்சிட்டு ஏறுதாங்க, நான் மட்டும் கேக்கணுமா' என்று வீம்பு. அதனால் செல்வம் ஒரு வெப்சைட் செய்தான். போர்டு எழுத்துகளைப் படிக்கச் சொல்லித் தரவில்லை. அடையாளம் சொல்லித் தந்தான். 'நெடுமங்காடு: முதலில் ஒரு கொக்கி, அடுத்தது தும்பிக்கையைச் சுருட்டிய யானை.' 'கல்லாறு: முதல் எழுத்து மூக்குக்கண்ணாடி.' 'பொன்முடி: கொக்கிக்கும் கைத்தடிக்கும் நடுவே தொப்பை வைத்த ப.' இப்படி ஒன்பது பக்கம். சாலை பஜார்க் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை பார்த்த நம்ம ஊர் ஆட்கள் பிஜு சேட்டனிடம் அதைப் பிரின்ட் எடுத்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள்.

அந்த சைட் இருந்த இலவச இடத்தை, சனிக்கிழமை மத்தியானத்தோடு மூடுகிறோம் என்று அறிவித்துவிட்டார்கள். செல்வத்திடம் வேறு காப்பி இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னிடம் ஓடி வந்தான்.

"மக்கா, எறக்கிரலாம்லா?"

"லே, இதெல்லாம் ஒரு வேலையா? நீ போயி டீ சொல்லு."

பத்திரிகை சி.டி. ஒன்றில் வந்த மென்பொருள் என்னிடம் இருந்தது. முகவரியைக் கொடுத்தால் அங்கிருந்து சுட்டி சுட்டியாகப் பிடித்துக்கொண்டு போய் எல்லாப் பக்கத்தையும் இறக்கித் தரும். எத்தனை படி ஆழம் போகலாம், வெளித் தளங்களுக்குள் நுழையலாமா என்று கேட்டது. தாராள மனசோடு எல்லாவற்றுக்கும் சரி போட்டேன். செல்வத்தின் பக்கத்தின் அடியில், மழை பார்ப்பதற்காக ஒரு வானிலைத் தளத்தின் சுட்டி இருந்தது. நம்ம மென்பொருள் அதைப் பிடித்துக்கொண்டு கிளம்பியது. கேரளம், இந்தியா, ஆசியா என்று ஊர் ஊராகப் போய், கடைசியில் ஐஸ்லாந்துக் கடற்கரையில் ஹார்ட் டிஸ்க் நிறைந்து நின்றது.

மெஷின் அசையாமல் உறைந்து நின்றதை பிஜு சேட்டன் எட்டிப் பார்த்தார். "எந்துவாடே இது? என்ற மெஷின் அனங்குன்னில்லல்லோ!"

செல்வம் டீயோடு வந்தான். "எங்கம்மா ஏறுத பஸ் போதும் மக்கா. ஐஸ்லாந்துல மழையா வெயிலான்னு அவளுக்கு எதுக்கு?"

ஆகவே முதல் பாடம், எழுதி வைத்துக்கொள்: ஒரு தளத்தை இறக்கும்போது 'இந்தத் தளத்துக்குள் மட்டும்' என்பதை முதலில் தட்டு. ஆழத்துக்கு ஒரு எண்ணைக் கொடு. அதற்கப்புறம் டீக்குப் போ.

மறுநாள் காலையில் நான் திருந்திய மனிதன். கண்டதையெல்லாம் அள்ளியதில் பட்ட அவமானத்தில், 'பக்கங்கள் மட்டும் போதும், வேறு எந்த வகைக் கோப்பும் வேண்டாம்' என்று வடிகட்டி போட்டேன். அதே மெஷினில் மிச்சம் இருந்த துளி இடத்தில் நாலு நிமிஷத்தில் முடிந்தது. ஒன்பது பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். கொக்கி, யானை, மூக்குக்கண்ணாடி, எல்லாம் சரி. மூன்று ஃப்ளாப்பியில் மூன்று காப்பி. செல்வம் என் தோளில் கை போட்டுக்கொண்டு படி இறங்கினான். சாதித்துவிட்ட நடை.

கரமனையில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் கம்ப்யூட்டரில் ஃப்ளாப்பியைச் செருகினேன். திரை முழுக்க தலையில் தொப்பி போட்ட ஏ, வால் முளைத்த சி, நடுநடுவே பவுண்டுக் குறி. பிரெஞ்சுக்காரன் தும்மின மாதிரி இருந்தது.

உனக்கு இது ஞாபகம் இருக்காது. யூனிகோடு வீட்டுக்கு வீடு வராத காலம். ஒவ்வொரு தமிழ் சைட்டுக்கும் தனி ஃபாண்ட். உள்ளே இருப்பதெல்லாம் இங்கிலீஷ் குறிகள்தான். ஃபாண்ட் என்கிற சட்டையைப் போட்டுவிட்டால்தான் தமிழாக நிற்கும். பிஜு சேட்டனின் ஆறு மெஷினில் அந்த ஒன்றில் மட்டும் அந்தச் சட்டை ஏற்கெனவே இருந்தது. அதனால் அங்கே எல்லாம் அழகாகத் தெரிந்தது. சைட்டிலும் ஃபாண்ட் கோப்பு ஒன்று இருந்தது, அதைத்தான் என் வடிகட்டி 'வேண்டாம்' என்று ஒதுக்கிவிட்டது.

குடைகூட எடுக்காமல் கிழக்கேகோட்டைக்கு ஓடினோம். மத்தியானம் தாண்டியிருந்தது; சைட் இருந்த இடத்தில் வெள்ளைத் திரையும் ஒரு வருத்தச் செய்தியும். சரி, மெஷினில் இருக்கிற ஃபாண்டையாவது எடுப்போம் என்று திரும்பினால், பிஜு சேட்டன் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறார்.

"அந்த மெஷின்ல வைரஸ் கேறிட்டுது, கேட்டோ. டிஸ்க் ஃபுல்லா ஐஸும் பனியும். ஞான் ஃபார்மட் செஞ்சு சுத்தமாக்கிட்டேன்."

நான் செல்வத்தைப் பார்க்கவில்லை. ஃபாண்டைச் செய்த ஆள் சாலை பஜாரில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தவர்; தனக்குத் தோன்றியபடி குறிகளை மாற்றி அவரே உண்டாக்கியது. கடையை விற்றுவிட்டுத் தென்காசிப் பக்கம் போய்விட்டார். நம்பர் யாருக்கும் தெரியாது.

"அப்பம் நோட்டு எழுதப் போகவேண்டியதுதான்" என்றான் செல்வம். பெயின்ட் டப்பாவில் இல்லாத குடையைத் தேடிக்கொண்டிருந்தவன், சட்டென்று நிமிர்ந்தான். "லே! அம்மாட்ட பிரின்ட் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ். விதுரை தாண்டி, கல்லாறு தாண்டி, ஊசி வளைவுகளில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். லயத்தில் பாக்கியம் அம்மா ஒன்பது பக்கத்தையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, மஞ்சள் பைக்குள் வைத்திருந்தார். கேட்டதும் பையை இடுப்போடு அணைத்துக்கொண்டார்.

"குடுத்துட்டு நான் எதப் பாத்து பஸ்ஸேறட்டும்? நாளைக்கு ஆஸ்பத்திரில கண்ணு காட்டணும்லா."

"அம்மா, எனக்கு நாளைக்கு இன்டர்வியூம்மா."

"அதுக்குத்தான் சொல்லுதேன், பேப்பரோட நானும் வாரேன்."

பஸ் நிற்கும் இடத்தில் ஒரே ஒரு பஸ்தான் நின்றது. வேறு ஊருக்குப் போகிற பஸ் அந்த மலையில் கிடையாது. இருந்தும் அவர் கவரைப் பிரித்து, தாளைப் பார்த்து, போர்டைப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுத்தான் ஏறினார். கண்டக்டர், "செக்கிங் கழிஞ்ஞோ அம்மச்சீ?" என்றார். "கழிஞ்ஞு, இனி போலாம்" என்றார் அம்மா.

மத்தியானம் எங்கள் வீட்டில் வேலை ஆரம்பம். இடது பக்கம் பேப்பர், வலது பக்கம் பிரெஞ்சுத் தும்மல். அம்மா ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, அதே இடத்தில் திரையில் எந்தக் குறி நிற்கிறது என்று செல்வம் சொல்ல, நான் பட்டியல் போட்டேன். எல்லா எழுத்துக்கும் ஜோடி கிடைத்ததும், என் கம்ப்யூட்டரில் இருந்த வேறொரு ஃபாண்டின் குறிகளாக மாற்ற ஆரம்பித்தேன். ஒவ்வொன்றாக 'எல்லாவற்றையும் மாற்று' அடித்தேன். டப் டப் என்று. புலி அல்லவா.

அம்மா திரையை உற்றுப் பார்த்தார். "எய்யா, இங்க 'யானை'ன்னு இருக்கணும். 'மானை'ன்னுல்லா நிக்கு. யானைய என்ன செஞ்ச?"

விஷயம் இதுதான்: 'ய'வுக்கு நான் போட்ட புதுக் குறி, பழைய ஃபாண்டில் 'ம'வின் குறி. முதலில் ய-க்களை மாற்றினேன்; அப்புறம் ம-க்களை மாற்றும்போது மாறின ய-க்களும் சேர்ந்து மாறிவிட்டன. ஒன்பது பக்கத்திலும் ஒரு யானை மிச்சமில்லை.

மூன்று ஃப்ளாப்பியில் காப்பி எடுத்ததுதான் அந்த வாரத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம். திரும்ப ஆரம்பித்தோம். ஆகவே மற்ற பாடங்கள், மூச்சு விடாமல் சொல்கிறேன்: அசல் கோப்பைத் தொடாதே. குறிகளை நேராக மாற்றாதே. முதலில் எல்லாவற்றையும் நம்பராக்கு, நம்பருக்கு முன்னும் பின்னும் யாரும் எழுதாத ஒரு அடையாளத்தைப் போடு, அப்புறம் நம்பரை எழுத்தாக்கு. இரண்டு குறி சேர்ந்து ஒரு எழுத்தானால் அந்த ஜோடியை முதலில் முடி, ஒற்றைகளைக் கடைசியில் பார். செல்வம் டைப்ரைட்டர் பழக்கத்தில் வரிக்கு வரி என்டர் தட்டியிருந்தான். பத்திகள் பிரியும் இடத்தில் மட்டும் ஒரு நட்சத்திரம் வைத்து, மற்ற என்டர்களை ஒட்டிச் சேர்த்து, பிறகு நட்சத்திரத்தை மறுபடி என்டராக்கினோம். கேட்கச் சின்ன விஷயம். செய்து பார்.

பாக்கியம் அம்மாவுக்கு அதெல்லாம் போதவில்லை. அவர் காப்பியில் பென்சிலால் எழுதியிருந்தார்: 'இந்த பஸ் இப்ப இல்ல.' 'இதுல கொக்கில பெயின்டு உரிஞ்சுட்டு, பாத்து ஏறணும்.' 'இது யானை இல்ல, நத்தை.' அத்தனையையும் ஏற்றினால்தான் பேப்பர் என் கையில் இருக்கும் என்றார். ஏற்றினோம். விளக்கு வைக்கும் நேரத்தில் முடிந்தது. யானை ஒன்று மட்டும் நத்தையாகிப்போனதில் செல்வத்துக்குக் கொஞ்சம் வருத்தம்.

திங்கள் மத்தியானம் பிஜு சேட்டன் கடைக்கு வந்து நடந்ததைச் சொன்னான். இன்டர்வியூ எடுத்த மேடம் மலையாளி. தமிழ் கொஞ்சம் எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஒவ்வொரு அடையாளமாக வாசித்துவிட்டு, இத்தனை வருஷம் படித்த எழுத்தில் ஒரு தொப்பை இருப்பது தனக்குத் தெரியவே இல்லையே என்று பக்கத்து ரூம்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினாராம். அப்புறம் கேட்டாராம்:

"டெஸ்டிங் ஆராணு செய்தது?"

"என்ற அம்மையாணு மேடம்."

அந்தப் பதிலுக்குத்தான் வேலை கிடைத்தது என்று நான் சொல்வேன். இல்லை, யூசர் மேனுவல் எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள் என்பான் அவன். எப்படியோ, செவ்வாய்க்கிழமை அவன் மலை ஏறவில்லை. சைட்டை வேறொரு இலவச இடத்தில், இந்தத் தடவை புது ஃபாண்டைப் பக்கத்திலேயே வைத்து, குடிவைத்தோம். அந்த இடத்திலிருந்துதான் போன வாரம் மெயில்.

இறக்கினேன். டீ சொல்லக்கூட நேரமில்லை, அவ்வளவு சீக்கிரம். ஃபாண்டும் வந்தது, முதல் வேலையாக அதைத்தான் பார்த்தேன். பெங்களூரில் இருக்கும் செல்வத்துக்கு போன் போட்டேன்.

"அம்மாட்ட சொல்லாத மக்கா. பென்சில எடுத்துருவா."

ஞாயிற்றுக்கிழமை சும்மா ஒரு பிரின்ட் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். வழியில் கிழக்கேகோட்டையில் செருப்புக் கடைக்கு மேலே இப்போது செல்போன் ரிப்பேர்; பெயின்ட் டப்பாவும் இல்லை. தம்பானூரில் பொன்முடி பஸ் நின்றது. போர்டு புதுசு, கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டியது. கொக்கி இருந்தது. கைத்தடி இருந்தது. நடுவே 'ப' ஒல்லியாக, நேராக, யாரோ இஸ்திரி போட்ட மாதிரி நின்றது. பக்கத்து பஸ், அதற்கடுத்தது, எல்லாவற்றிலும் போய்ப் பார்த்தேன். வரிசையின் கடைசியில், மழையில் நனைந்துகொண்டிருந்த ஒரு பழைய வண்டியில் மட்டும் கையால் எழுதின பொன்முடி போர்டு. கொக்கியில் பெயின்ட் உரிந்திருந்தது. தொப்பை அப்படியே இருந்தது. எங்கே போகும் என்று டிரைவரிடம் கேட்டேன்.

"எங்கோட்டும் இல்ல. ஒர்க்‌ஷாப்பினு" என்றார்.