மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான்

இதைக் கட்டுக்கதை என்று சொல்கிறவர்கள் பொன்மணியின் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அதற்கு மேல் வாதாட எனக்குத் தெம்பில்லை. 2009 சித்திரையில் இடைசெவலில் நடந்தது. அதுவும் நட்டநடுப் பகலில். பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று யார் சொன்னது?

பொன்மணிக்குக் கல்யாணமாகி இரண்டே மாதத்தில் புருஷன் முத்துசெல்வம் சவூதிக்குப் போய்விட்டான். கட்டிட வேலை. வீட்டில் அவளும் மாமியார் கோமதியம்மாளும் மட்டும்தான். ஊருக்கு வந்த ஒரு ஆளிடம் அவன் பெரிய போன் ஒன்று கொடுத்துவிட்டிருந்தான். படம் பிடிக்கலாம், பாட்டு ஏற்றலாம், கம்ப்யூட்டரில் செய்வதெல்லாம் அதில் செய்யலாம் என்றார்கள். பொன்மணிக்கு அதெல்லாம் எதற்கு? வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. மத்தியானம் நம் வீட்டில் சோறு வடிக்கிற நேரத்துக்குக் கூப்பிடுவான். அவன் நம்பருக்கு மட்டும் கோயில் மணிச் சத்தம் வைத்திருந்தாள். மற்ற யார் கூப்பிட்டாலும் வெறும் ட்ரிங் ட்ரிங்தான். அந்தக் கோயில் மணிதான் அவளுக்குக் குடித்தனம், தாம்பத்தியம் எல்லாம்.

அதில் மண்ணைப் போட வந்தான் ஒருத்தன். யாரென்று இன்றுவரை தெரியாது. திரையில் நம்பர் விழாது. 'பிரைவேட் நம்பர்' என்று மட்டும் வரும். எடுத்தால் பேச மாட்டான். மூச்சு விடுகிற சத்தம் கேட்கும். சில நாள் மெல்லச் சிரிப்பான். புருஷன் வெளிநாட்டில் இருக்கிறவளின் போன் பகலெல்லாம் அடித்தால் ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு அழகுத்தாய் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"என்ன பொன்மணி, சவூதியில இப்ப தினமும் வெள்ளிக்கிழமையா?"

பொன்மணி கூனிக்குறுகிப் போனாள். இந்தப் பேச்சு புருஷன் காதுக்குப் போனால் என்ன நினைப்பான் என்று அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கோமதியம்மாள் மருமகளை ஒரு நிமிஷம்கூடச் சந்தேகப்படவில்லை. அதைச் சொல்லியே ஆகவேண்டும். அவள்தான் வழியும் சொன்னாள். அந்தப் பக்கத்தில் வாசலில் நின்று யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் குரல் கொடுக்க மாட்டார்கள். பேய் இரண்டு தடவைதான் கூப்பிடும், மூன்றாவதும் கூப்பிட்டால் ஆள் என்று ஒரு நம்பிக்கை.

"போனுக்கும் அதே கணக்குதான்ட்டி. நம்பர் விழாம அடிச்சா ரெண்டு தடவை எடுக்காத. நம்ம மனுசன்னா மூணாவதும் கூப்பிடுவான்லா."

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் பலித்தது. அந்த நாசமாய்ப் போகிறவன் இரண்டு தடவை அடித்துப் பார்ப்பான், எடுக்கவில்லை என்றால் ஓய்ந்துவிடுவான். வெள்ளிக்கிழமை பொன்மணி இதைப் புருஷனிடம் சொன்னபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"எங்கம்மா சரியான ஆளுதான். அப்ப நானும் மூணு தடவை கூப்பிடணுமோ?"

"உங்களுக்குத்தான் கோயில் மணி அடிக்குமே. மொத அடிக்கே ஓடி வந்திருவேன்."

அடுத்த புதன்கிழமை. உச்சி வெயில். வெளியே கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. மாமியார் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ட்ரிங்... ட்ரிங்...

பிரைவேட் நம்பர். முழுசாக அடித்து நின்றது. உடனே மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை என்னவோ ரொம்ப நேரம் அடித்ததுபோல இருந்தது பொன்மணிக்கு. அவள் கை தானாகப் போனை நோக்கிப் போனது. கோமதியம்மாள் தலையை ஆட்டித் தடுத்தாள். மணி நின்றது. மூன்றாவது வருமா என்று இரண்டு பேரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வரவில்லை.

"பாத்தியா? அந்தக் களவாணிப் பயதான்" என்று சொல்லிவிட்டு மாமியார் சுளகை எடுத்தாள்.

இருந்தாலும் பொன்மணிக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் பஸ் ஏறிக் கோவில்பட்டிக்குப் போனாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருந்த சோலைராஜ் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்கு எதுக்குக்கா பயப்படுதீங்க? நம்பர் மறைச்சு வாற காலை அடிக்கவே விடாம கட் பண்ண சாப்ட்வேர் இருக்கு."

மெமரி கார்டைக் கழற்றி, கம்ப்யூட்டரில் சொருகி, ஏற்றிக் கொடுத்தான். தன் போனில் நம்பரை மறைத்து வைத்துக் கூப்பிட்டும் காட்டினான். அவள் போன் ஊமையாகக் கிடந்தது.

"அண்ணன் கூப்பிட்டா நம்பர் விழும்லா?"

"எப்பவும் விழும்."

"அப்பச் சரி. இனி எமனே நம்பரை மறைச்சுக் கூப்பிட்டாலும் இது அடிக்காதுக்கா."

பொன்மணி சிரித்துவிட்டாள். பிடித்த சனி விட்டது என்று ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தாள். பாவி மகளுக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கரண்டு போனது. அப்போதெல்லாம் தினமும் அப்படித்தான். மின்விசிறி நின்றதும் வீடு நிசப்தமாகிவிட்டது. கோமதியம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தாள். பொன்மணி போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

கோயில் மணி அடித்தது.

அவளுக்கு முகமெல்லாம் பல். திரையைப் பார்க்கக்கூட இல்லை. அப்படியே எடுத்துக் காதில் வைத்தாள்.

"என்னங்க..."

வழக்கமாக அவன் பேசினால் பின்னால் ஏசி இரையும். கூட்டாளிகள் சத்தம் போடுவார்கள். இவள் சொன்னது அங்கே போய்ச் சேரவே ஒரு நொடி ஆகும். இன்றைக்கு எதுவும் இல்லை. கிணற்றுக்குள் காதை வைத்ததுபோல இருந்தது.

"பொன்னு... எடுத்துட்டியா..."

அவன்தான். குரல் மட்டும் வறண்டிருந்தது. பக்கத்தில், தோள் மேல் வாய் வைத்துப் பேசுகிற மாதிரி அவ்வளவு கிட்டத்தில் கேட்டது.

"எடுக்காம? ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு? காய்ச்சலா?"

"இது மூணாவதுலா... மூணாவதுக்கு எடுத்துட்ட."

"என்ன மூணாவது? இப்பத்தானே கூப்பிட்டிய?"

பொலபொலவென்று ஏதோ உதிர்கிற சத்தம். மண்ணா... சிமெண்டா... தெரியவில்லை.

"என்னங்க... சாப்பிட்டியளா?"

"அம்மாவ ஏசிராத பொன்னு."

"அத்தைய நான் எதுக்கு ஏசப்போறேன்? இந்தா இங்கனதான் இருக்காவ. குடுக்கேன், பேசுங்க."

"வேண்டாம்... அவ தாங்க மாட்டா."

"என்னங்க..."

பொலபொல...

"என்னங்க!"

போனைக் காதிலிருந்து எடுத்தாள். திரையைப் பார்த்தாள்.

பிரைவேட் நம்பர்.

நம்பர் விழாமல் கோயில் மணி எப்படி அடித்தது? நம்பர் இல்லாத காலை இந்தப் போன் எப்படி அடிக்கவிட்டது?

கோமதியம்மாள் விசிறியை நிறுத்திவிட்டு மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார்ட்டட்டி பேசுத?"

"உங்க மகன்ட்டதான் அத்தை. மணி அடிச்சுதே..."

"போன் அடிக்கவே இல்லையேட்டி..."

பொன்மணி அவன் நம்பருக்குத் திருப்பிக் கூப்பிட்டாள். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. பொழுது சாய்கிறவரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை காலையில் ஒரு சவூதி நம்பர் விழுந்தது. முத்துசெல்வத்தோடு வேலை பார்க்கிற கடற்கரை என்கிற பையன். புதியம்புத்தூர்க்காரன், அவனுக்குத் தம்பி மாதிரி.

"மைனி... மனசத் தேத்திக்கோங்க மைனி... அண்ணன் நம்மளை விட்டுட்டுப் போயிட்டாவ. சாரம் சரிஞ்சு... மேல இருந்து... கம்பெனியில எழுத்து வேலை முடியாம வீட்டுக்குச் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க மைனி."

"எப்ப?"

"புதன்கிழமை."

"இல்ல தம்பி. நேத்து எங்கிட்டப் பேசுனாவ."

அந்தப் பக்கம் கடற்கரை அழுதது கேட்டது.

உடல் வந்து சேர ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தையும் அந்த இரண்டு பெண்களும் எப்படிக் கடந்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். நடுவில் ஒருநாள் பொன்மணி போனைக் கொண்டுபோய் சோலைராஜிடம் காட்டினாள். அவன் எல்லாவற்றையும் துழாவிப் பார்த்தான். புதன்கிழமை எடுக்காத கால் இரண்டு இருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு கால்கூட வரவில்லை. அவன் போனை மேஜை மேல் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

கடற்கரை உடலோடு கூடவே வந்தான். அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்தபின் மாமியாரும் மருமகளும் இருந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்தான்.

"மைனி, அன்னைக்கு ஆஸ்பத்திரி வண்டி வர்றதுக்கு நேரமாச்சு. அண்ணனுக்கு நினைவு இருந்துச்சு. அவிய போன் நொறுங்கிப்போச்சு. சூப்பர்வைசர் போனை வாங்கி, 'வீட்டுக்குப் போடுலே'ன்னாவ. அந்த ஆளு நம்பரை மறைச்சு வச்சிருக்கவன். நான்தான் போட்டேன். ரெண்டு தடவை போட்டேன். நீங்க எடுக்கல."

பொன்மணி மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதுக்கு அவிய சிரிச்சாவ மைனி. அந்த நேரத்துலயும் சிரிச்சாவ. 'எங்க வீட்டுல ரெண்டுக்கு எடுக்க மாட்டாவ. மூணாவது போடுலே, எடுப்பா'ன்னாவ..."

"போட்டியா?"

"நம்பரை அமுக்குதேன்... அதுக்குள்ள தலை சாஞ்சிருச்சு. மூணாவது நான் போடவே இல்ல மைனி."

மூன்றாவதை எடுத்துப் பேசியவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

திடீரென்று கோமதியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அலறினாள். "நாந்தானடா எடுக்காதன்னேன்! பெத்த வயித்துக்கு நானே கொள்ளி வச்சனே! என் ஐயா!"

பொன்மணிக்கு வாய் வரைக்கும் வந்தது. உன்னால்தான், உன் பேய்க் கணக்கால்தான், என் புருஷன் உயிரோடு இருக்கையில் கடைசியாக ஒரு வார்த்தை பேச முடியவில்லை என்று கத்த வந்தது. அவள் கத்தவில்லை. மாமியாரின் இரண்டு கையையும் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டு அப்படியே கவிழ்ந்து அழுதாள்.

மறுவாரமே கோமதியம்மாள் போனைத் தூக்கிக்கொண்டு தன்னந்தனியாகக் கோவில்பட்டிக்குப் போய், அந்தச் சாப்ட்வேரை அழிக்கச் சொன்னாள். அதற்குப் பிறகு போன் அவள் கையை விட்டு இறங்கவில்லை. குளிக்கப் போனாலும் கூடவே போகும். யார் கூப்பிட்டாலும் முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிடுவாள்.

ஆடி மாதம் ஒருநாள் அந்தப் பழைய பயல் திரும்ப அடித்தான். பிரைவேட் நம்பர். மூச்சுச் சத்தம் மட்டும். பொன்மணி ஓடி வருவதற்குள் கோமதியம்மாள் எடுத்துவிட்டாள்.

"ஐயா... முத்து... அம்மாதான்யா. ஏன்யா பேச மாட்டேங்க? எம்மேல கோவமாய்யா?"

அந்தப் பக்கம் மூச்சு நின்றது.

"தாகமா இருக்காய்யா? சாப்பிட்டியாய்யா? உம்பொண்டாட்டி நல்லா இருக்காய்யா, நான் பாத்துக்கிடுதேன்... ஒரே ஒரு வார்த்தை சொல்லுய்யா..."

அவன் உடனே துண்டிக்கவில்லை. அவள் அழுது முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத்தான் வைத்தான். அதன்பின் அந்தப் போனுக்கு நம்பர் விழாத கால் ஒன்றுகூட வரவில்லை.