திறந்தால் எறும்பு வருகிற குழாய்

திறந்தால் எறும்பு மட்டுமே வெளியே வருகிற குழாயின் பக்கத்தில் நின்றுகொண்டு, "இத்தெருவில் அனைவருக்கும் குடிநீர்" என்ற போர்டைக் காட்டி, "எங்கே சார்?" என்று கேட்பதுதான் என் வேலை. சம்பளம் கிடையாது, டீ உண்டு. வில்லியனூர் பக்கம் பிறந்து, பாகூர் பக்கம் வாக்கப்பட்டு, இடுப்பில் மகள் யாழினியோடு எங்கள் ஊர்க் குடிநீர்க் கண்காணிப்புக் குழுவில் இருக்கிறேன். குடமும் மனுவுமாக அலைகிற தோழிகளே, உங்கள் ஊரிலும் இதெல்லாம் நடந்திருக்கும். படித்துவிட்டுச் சிரியுங்கள், வேறென்ன செய்வது!

ஸ்ட்ராங்கான குழாய்

எங்கள் ஊரின் கடைசித் தெருவில் பைப் புதைத்து, வாசலுக்கு வாசல் நீலத் தூண் நட்டு, குழாயும் மாட்டிவிட்டார்கள். ஒன்றே ஒன்றுதான் பாக்கி: மெயின் பைப்போடு சேர்க்கவில்லை. நடுவில் தார் ரோடு. அதை வெட்ட யாரோ அனுமதி தர வேண்டுமாம். அதுவரை அந்தத் தெருப் பெண்கள் ரோட்டைத் தாண்டி, வரப்பில் நடந்து, கரும்புக் கொல்லை மோட்டார் கொட்டகையில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும்.

அந்தத் தெருக்காரிதான் கலைவாணி. அப்போது நிறைமாசத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். தலைப்பிரசவம் என்றால் அம்மா வீட்டில் இருந்திருப்பாள். இது ரெண்டாவது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே இந்தத் தெருவுக்குத்தான் வரவேண்டும். பச்சைப் பிள்ளைக்காரி வரப்பில் குடம் தூக்குவதா? "பிள்ளை வர்றதுக்குள்ள தண்ணி வரும்டி" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த வாரம் பார்த்து யாரோ சர்வே என்று போன் செய்து, வீட்டில் குழாய் இருக்கிறதா என்று அவளைக் கேட்டார்கள். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கலைவாணி சொன்னாள்:

"இருக்குது சார். ஆட்டைக் கட்டறதுக்கு நல்லா ஸ்ட்ராங்காவே இருக்குது."

தண்ணிக்கு இன்னா வியாதி?

குழுவில் எனக்குத் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். சின்ன பாட்டிலில் தண்ணீரை ஊற்றி வைத்தால், கிருமி இருந்தால் கறுத்துப்போகும். கொட்டகைத் தண்ணீரைப் பிடித்து வைத்தேன். மறுநாள் பார்த்தால் கடுங்காப்பி! பதறிப்போய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஓடி, "கொதிக்க வச்சுக் குடிங்க, கொதிக்க வச்சுக் குடிங்க" என்று கத்தினேன். கலைவாணியின் மாமியார் அஞ்சலை அத்தை பாட்டிலை வெயிலில் பிடித்து, டாக்டர் எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"சுகரா, பிரஷரா, இன்னான்னு சொல்லும்மா. எங்கிட்ட ரெண்டுக்கும் மாத்திரை இருக்குது."

ஊருக்கு மட்டும்

மனு எழுதிக்கொண்டு ஆபீசுக்குப் போனோம். அதிகாரி மீட்டிங்கில் இருந்தார். அவர் எப்போதுமே மீட்டிங்கில்தான் இருப்பார். காத்திருக்கும்போது யாழினி, "அம்மா, ஒண்ணுக்கு" என்று நெளிந்தாள். உள்ளே கூட்டிப்போனால் குழாயில் சொட்டு இல்லை. பக்கெட்டுக்குள் பழைய துடைப்பம் உட்கார்ந்திருக்கிறது. வெளியே வந்து, "ஊருக்கே தண்ணி குடுக்கிற ஆபீசுல தண்ணி இல்லியாண்ணா?" என்று பியூனைக் கேட்டேன். அவர் கோபமே படவில்லை. எதிரே இருந்த டீக்கடையைக் கைகாட்டியபடி சொன்னார்:

"நாங்க ஊருக்குத்தாம்மா குடுப்போம். இந்தக் கட்டடத்துக்குக் குடுக்கிறது வேற டிபார்ட்மெண்ட்."

மூணு பேர் போன்

ஒரு கம்பெனியின் அறக்கட்டளை கடைசித் தெருவுக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்தது. பளபளவென்று டைல்ஸ், முகம் பார்க்கக் கண்ணாடி, வாசலில் கல்வெட்டு. தண்ணீர் மட்டும் இல்லை, அதனால் பூட்டு. அறக்கட்டளை மேடத்துக்குப் போன் செய்தால், "கட்டறது எங்க பங்கு, தண்ணி ஆபீஸ் பங்கு" என்பார். ஆபீசுக்குப் போன் செய்தால், "கட்டினவங்களைக் கேளுங்கம்மா" என்பார்கள். இப்படியே மாறி மாறிப் பேசி என் ரீசார்ஜ்தான் தீர்ந்தது. ஒருநாள் கடுப்பில் ரெண்டு போனையும் ஒன்றாக இணைத்துவிட்டு, நான் பாட்டுக்கு யாழினிக்குத் தலை பின்ன உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் ரெண்டு பக்கமும் "ஹலோ, ஹலோ". அப்புறம் பேசித்தானே ஆகவேண்டும்? ரோட்டை வெட்டாமல் கழிப்பறைக்கும் விடிவில்லை என்று அவர்களே முடிவுக்கு வந்து, இன்ஜினியரை நேரில் அனுப்புவதாகச் சொன்னார்கள். கடைசியில் மேடம் சோர்ந்துபோய்ச் சொன்னது:

"இப்படிக் கோத்துவிடுவீங்கன்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் போனையே எடுத்திருக்க மாட்டேங்க."

விருந்தாளி வர்றார்

இன்ஜினியர் வருகிறார் என்றதும் கடைசித் தெருப் பெண்கள் செய்த காரியத்தைக் கேளுங்கள். பெரிய மனுஷர் வரும்போது வீட்டில் வெறுங்குடம் இருக்கலாமா? விடியற்காலையிலேயே கொட்டகைக்கு நடையாய் நடந்து, இருக்கிற குடம், அண்டா, தவலை எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து, தளும்பத் தளும்ப நிரப்பி வாசலில் வரிசையாக வைத்துவிட்டார்கள். தெரு பூரா தண்ணீர் தெளித்துக் கோலம் வேறு! நான் போய்க் குடங்களை உள்ளே தள்ளுவதற்குள் வண்டி வந்துவிட்டது. இன்ஜினியர் வண்டியை நிறுத்தி, மேலும் கீழும் பார்த்துவிட்டு, இறங்காமலே சொன்னார்:

"எங்க ஆபீசர் குவாட்டர்ஸ்லகூட இவ்வளவு தண்ணி கிடையாதும்மா."

மீன் குழம்பு

அவரை மறுபடி வரவழைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்தத் தடவை கலைவாணி தலைமை ஏற்றுக்கொண்டாள். "குடத்தையெல்லாம் கவுத்து வைங்கடி. மீதிய நான் பாத்துக்கறேன்" என்றாள். கடலோரப் பனித்திட்டிலிருந்து சங்கரா மீன் வாங்கிவந்து, மிளகாயை அள்ளிப் போட்டுக் குழம்பு வைத்தாள். மாசமான பெண் சாப்பிடச் சொன்னால் யார்தான் மறுப்பார்? இன்ஜினியரும் உட்கார்ந்தார். காரத்தில் கையோடு கொண்டுவந்த பாட்டில் தண்ணீரையெல்லாம் குடித்தே தீர்த்தார். சாப்பிட்டு எழுந்து, குழம்புக் கையோடு வாசல் குழாயைத் திருகினார். கிரீச் என்றது. இன்னும் திருகினார். ஓர் எறும்பு எட்டிப் பார்த்தது. அஞ்சலை அத்தை மனசு கேட்காமல் கொட்டகைக்குச் சொம்போடு ஓடப் பார்த்தார். நாங்கள் புடவையைப் பிடித்து இழுத்து நிறுத்தினோம். கலைவாணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, குரலை ஏற்றாமல் சொன்னாள்:

"நல்லாத் திருகுங்க சார். உங்க ஆபீஸ் பேப்பர்ல தண்ணி வருதே."

பாவம், கையை நீட்டிக்கொண்டே ரோட்டைத் தாண்டி, வரப்பில் வழுக்கி, கொட்டகைக்கு நடந்துபோய்த்தான் கழுவினார். தெருவே கூடப் போனது. திரும்பும்போது ரோட்டோரம் நின்று யாருக்கோ போன் போட்டுக் கத்தினார். அனுமதி அந்த வாரமே வந்துவிட்டது.

வந்துடுச்சு

ரோடு வெட்டினார்கள். பைப் சேர்ப்பதற்குள் கலைவாணிக்கு வலி எடுத்துவிட்டது. பெண் குழந்தை. என் வாக்கு தவறிவிட்டதே என்று எனக்கு ஒரே வேதனை. வீட்டுக்கு அனுப்புகிற அன்று தெருப் பெண்கள் அத்தனை பேரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டோம். இதில் ஒரு விஷயத்தை மறந்துபோனோம். தண்ணீர் வந்தால் சத்தம் கேட்கட்டும் என்று எல்லா வீட்டிலும் குழாயைத் திறந்தே வைத்திருந்தோம். நாங்கள் அந்தப் பக்கம் போக, இந்தப் பக்கம் பைப்பைச் சேர்த்துவிட்டார்கள்!

ஆட்டோ திரும்பியபோது தெருவே குளம். வால்வு திறக்கிற முருகேசண்ணன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, "இத்தினி நாளா தண்ணி இல்லன்னு மனு, இனிமே தண்ணி நிக்கலன்னு மனுவா?" என்று கத்தியபடி வீடு வீடாகக் குழாயை மூடிக்கொண்டிருந்தார். நாங்கள் குதித்து இறங்கி, சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் நனைந்தோம். கலைவாணி பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, ஆட்டோவிலிருந்து ஒரு காலை மட்டும் நீட்டித் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள்.

"வூட்டுக்குத் தண்ணி வரணும்னுதான்க்கா கேட்டேன். அதுக்குன்னு ஆட்டோ வரைக்குமா வந்து கூப்புடும்?"

ஆக, தண்ணீர் வந்துவிட்டால் இந்த வேலை முடிந்துவிடும் என்று நினைக்கிறவர்கள், தேங்கின தண்ணீருக்குச் சாக்கடை கேட்டு நான் எழுதிவைத்திருக்கும் மனுவில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம்.