என் மகள் கைகட்டி நிற்கும் ஆலைக்குப் போய் வந்தேன்

பொங்கல் கழிந்த வெள்ளிக்கிழமை. காலை ஆறே முக்காலுக்குச் சீவலப்பேரியில் டவுன் பஸ் ஏறினேன். கையில் ஒரு தூக்குச்சட்டி நிறைய எள்ளுருண்டை. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளும் அதே பஸ்ஸில் வந்தாள்.

"எங்கன போறிய மதினி, இம்புட்டு வெள்ளனே?"

"வடிவு வேலை பாக்குத எடத்துக்கு. புது மிசின் இன்னைக்கு ஓட்டுதாவ."

"அவ அங்கன என்ன வேலை பாக்கா?"

"எஞ்சினீரு."

"அது படிப்புல்லா. வேலை என்னன்னு கேக்கேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிசான நெல் கதிர் வாங்கி நின்றது. பேச்சியம்மாள் வண்ணார்பேட்டையில் இறங்கும்போதும் விடவில்லை. "சாயங்காலம் வந்து சொல்லுங்க, என்னா?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஜங்ஷனில் அம்பாசமுத்திரம் பஸ் பிடித்தேன். டிக்கெட் நான்கு ரூபாய். "சேரன்மாதேவி தாண்டி, பேப்பர் மில்லு விலக்குல நிப்பாட்டுங்கய்யா" என்றேன்.

"மில்லுல ஒங்களையும் வேலைக்கு எடுத்துட்டாவளா ஆச்சி?" என்றார் கண்டக்டர்.

"எடுத்தா ஒமக்கும் சேத்துக் கேக்கேன், வே."

பஸ்ஸே சிரித்தது. பேட்டை, பத்தமடை எல்லாம் தாண்ட, மேற்கே மலை பைய நெருங்கி வந்தது. மில்லுக்குப் பாதை பிரியும் அந்த விலக்கில் இறங்கும்போது மணி ஒன்பது ஆகவில்லை.

என் மகள் வடிவு ஆலை வாசலிலேயே நின்றாள். ராத்திரி தூங்காத முகம். நடந்துகொண்டே சொன்னாள்: "யம்மா, பொம்பளப் புள்ளைக்கு இதுல என்ன தெரியும்னு மில்லு முதலாளிக்கு மொதல்ல இருந்தே கொறதான். இன்னைக்கு ஓடலைன்னா, மெட்ராசுல மிசின் அனுப்புன எங்க கம்பெனிக்குப் போன் போட்டு வேற ஆள அனுப்பச் சொல்லிருவேங்காரு."

உள்ளே அந்த யந்திரம் எங்கள் வீட்டை விட நீளமாக இருந்தது. ஒரு முனையில் பெரிய தாள் சுருள். மறுமுனையில் மேலிருந்து இறங்கி வெட்டும் கத்தி. பழைய யந்திரத்தில் ஆள் கையால் தாளைத் தள்ளிக் கொடுக்க வேண்டுமாம். அதில் இரண்டு விரலை இழந்தவர் ஆறுமுகம் அண்ணாச்சி. இந்த ஆலையில் முப்பது வருஷமாக சூப்பர்வைசர். புதியதில் எல்லாம் தானே நடக்கும். கத்திக்கு முன்னால் இரு பக்கமும் சின்னக் கண்ணாடிகள். ஒன்றிலிருந்து மற்றதற்கு நம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் போகிறது. நடுவில் கை வந்தால் கத்தி நின்றுவிடும். அதைச் சென்சார் என்கிறார்கள். அண்ணாச்சிக்குப் புரிய, வடிவு அதைக் கண்ணு என்றுதான் சொல்லிவைத்திருந்தாள்.

யார் யாருக்கு என்ன வேலை என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மெட்ராஸ் பையன் ரகு, யந்திரம் எதற்குப் பின் எதைச் செய்ய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுதுகிறவன். பாளையங்கோட்டை ஜேக்கப், கரண்டுப் பெட்டிக்குப் பெட்டி ஒயர் இழுத்து முடுக்குகிறவர். என் மகள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எங்கள் ஊர் நடவில் நாற்றுப் பறிப்பவளும் நடுபவளும்தான் ஆள். வரப்பில் நிற்கிறவரை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

"ஏட்டி, நீ எதையும் தொடவே இல்லையே?" என்று காதோடு கேட்டேன்.

"நான் தொட்டா அவங்க வேலை கெட்டுரும்மா" என்றாள். எனக்கு அது பதிலாகப் படவில்லை.

ஒன்பதரைக்குப் பூஜை. பத்தரை வரை நல்ல நேரம், அதன் பின் ராகு காலம். அண்ணாச்சி சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வெட்டி, தலை முதல் கால் வரை யந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். முதலாளி பச்சைப் பொத்தானை அமுக்கினார். ஒன்றும் அசையவில்லை. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

"வெளிச்சம் வந்து சேரலைன்னு காட்டுது மேடம். என் ப்ரோக்ராம் சரியாத்தான் இருக்கு" என்றான் ரகு.

"அப்ப என் ஒயருதான் தப்பாக்கும்?" என்று ஜேக்கப் எகிறினார்.

"ரெண்டு பேரும் நிறுத்துங்க" என்றாள் வடிவு. "ரகு, எழுதினத மாத்தாதீங்க. அது என்ன காட்டுதுன்னு மட்டும் சொல்லுங்க. ஜேக்கப், பெட்டியில இருந்து ஒவ்வொரு ஒயரா கடைசி வரைக்கும் பாத்துட்டு வாங்க."

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. "நேரம் போகுதும்மா. அந்தச் சென்சாரே வேண்டாம், தாண்டி ஒரு ஒயரப் போட்டு ஓட்டு. பொறவு பாத்துக்கிடலாம்."

ஜேக்கப் கட்டிங் பிளேயரை எடுத்தேவிட்டார்.

"வேண்டாம் ஜேக்கப்" என்ற வடிவு முதலாளியைப் பார்த்தாள். "அது கையக் காக்குத கண்ணு சார். அது இல்லாம ஓட்டுததுக்கு நான் சம்மதிக்க முடியாது. இங்க அதுதான் என் பொறுப்பு."

"அப்ப வேற ஆளத்தான் கூப்பிடணும்."

"கூப்பிடுங்க சார். அவரும் இதைத்தான் சொல்லணும்."

கொஞ்சம் தணிஞ்சு போ என்று எனக்கு வாய் வரை வந்தது. அண்ணாச்சி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணி பத்தரை தாண்டியது.

ஒயரைத் தடவிக்கொண்டே போன ஜேக்கப் கத்திப் பக்கம் குனிந்தார். "மேடம், இங்கன வந்து பாருங்க!"

சின்னக் கண்ணாடியில் வட்டமாகச் சந்தனம். நட்ட நடுவில் குங்குமம்.

அண்ணாச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. "கண்ணுன்னு சொன்னியளேன்னு அதுக்குப் பாத்துப் பாத்துல்லா வச்சேன்! முப்பது வருசத்துல ஒரு மிசினும் கோவிச்சுக்கிட்டதில்ல."

ஜேக்கப் சிரித்தார். வடிவு சிரிக்கவில்லை. "தப்பு என்னுது அண்ணாச்சி. பூஜைக்கு முன்னால எங்கன வைக்கலாம்னு நான் சொல்லியிருக்கணும்." சாக்பீஸ் எடுத்து, பெட்டியின் பக்கவாட்டில் ஒரு வட்டம் போட்டாள். "இனிமே பொட்டு இங்கன. தெனமும் மொதல்ல கண்ணாடியத் தொடைக்கணும், அப்புறம் பொட்டு. ரெண்டும் ஒங்க பொறுப்பு."

"மிச்சமிருக்க மூணு வெரலுக்கு இந்த வேலை போதும்மா" என்றார் அண்ணாச்சி.

ராகு காலம் முடியும் வரை எல்லாரும் எள்ளுருண்டை தின்றார்கள். பன்னிரண்டுக்கு யந்திரம் ஓடியது. தாள் கற்றை கற்றையாக விழுந்தது. நடுவில் வடிவு ஒரு அட்டைச் சுருளை அண்ணாச்சியிடம் கொடுத்து வெளிச்சத்தின் குறுக்கே நீட்டச் சொன்னாள். கத்தி அந்தரத்தில் நின்றது. அண்ணாச்சி எடுத்தார், மறுபடி நீட்டினார். கத்தி மறுபடி நின்றது. வேலையாட்கள் கை தட்டினார்கள்.

முதலாளி அவளைத் தாண்டி நடந்தார். என்னிடம் வந்தார். "ஒங்க மவளுக்கு ரொம்பப் பிடிவாதம் ஆச்சி."

"அது எங்க குடும்பத்துச் சொத்துய்யா" என்றேன்.

"அடுத்த மிசினு வைகாசியில வருது. அதுக்கும் அவளையே இருக்கச் சொல்லுங்க."

"அவகிட்டயே சொல்லுங்க" என்றேன். சொன்னார்.

மாலை ஆறரைக்குச் சீவலப்பேரியில் இறங்கினேன். பேச்சியம்மாள் பஸ் நிறுத்தத்திலேயே நின்றாள்.

"என்ன மதினி, வேலை என்னன்னு தெரிஞ்சுதா?"

"எல்லாரும் ஓட்டு ஓட்டுன்னு நிக்கையில, ஓட்டக்கூடாதுன்னு சொல்லுத வேலை."

"அதுக்கா சம்பளம் குடுக்காவ?"

"அதுக்குத்தான்" என்றேன். தூக்குச்சட்டியின் அடியில் கிடந்த ஒற்றை எள்ளுருண்டையை அவள் கையில் வைத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தேன்.