பூச்சி பாட்டிலில் இருந்த சுண்ணாம்பு

அன்று காலை வீட்டில் நானும் அம்மாவும்தான் இருந்தோம். அப்பா இல்லை, மாட்டுவண்டியில் சவாரி ஏற்றிக்கொண்டு விடியும் முன்பே சமயபுரம் போய்விட்டார். யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய பங்குனி அது. எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக்கரைப் பக்கம். நான் திருச்சி காலேஜில் இன்டர்மீடியட் வாசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான்தான் முதல்.

அந்த வருஷம் எனக்குப் பூச்சி பிடிக்கும் பைத்தியம். இறக்கை சிதையாமல் அவற்றைக் கொல்ல ஒரு வாயகன்ற பாட்டில் வைத்திருந்தேன். அடியில் சயனைடு, அதன்மேல் வெள்ளை மாவைக் குழைத்து இறுகவைத்த பூச்சு; அதிலும் விஷம் ஊறியிருக்கும். உள்ளே போட்ட பூச்சி சற்றைக்கெல்லாம் அடங்கிவிடும். பிறகு ஊசி குத்திப் பெட்டியில் வைப்பேன்.

ஆற்றங்கரையில் பிடித்த வண்ணத்துப்பூச்சியோடு வந்து பாட்டிலை எடுத்தேன். பூச்சைப் பாதிக்குமேல் யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள்.

அம்மாவைக் கேட்டேன். "வெத்தலைக்குச் சுண்ணாம்பு தீந்துபோச்சு. உன் பாட்டில்ல காஞ்சு கெடந்ததை அப்பாதான் சுரண்டி டப்பியில போட்டுக்கிட்டாரு. ஏன்டா?"

ஒரே நம்பிக்கை, அது விரத மாசம். அம்மனைப் பார்க்காமல் அப்பா வெற்றிலை தொடமாட்டார். தெருமுனையில் வாடகைச் சைக்கிள் எடுத்துக் கொள்ளிடப் பாலத்தில் மிதித்தேன். தரிசனம் முடிந்த வண்டிகள் எதிரே வரத் தொடங்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் அப்பாவைத் தேடினேன்.

கோயிலுக்கு அருகே புளியமரத்தடியில் அப்பா உட்கார்ந்திருந்தார், நெற்றியில் புதுத் திருநீறு. முதலில் அவர் வாயைத்தான் பார்த்தேன். சிவப்பில்லை. பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டுத்தான் தான் போடுவார். அது அவர் வழக்கம். கூட வந்த வண்டிக்காரர் வெள்ளை தடவிய வெற்றிலையை மடித்து வாய்க்குக் கொண்டுபோனார். பாய்ந்து தட்டிவிட்டேன்.

"படிக்கிற புள்ளைக்கு நம்ம வெத்தல நாறுது போலருக்கு" என்றார் அவர். அப்பா சாட்டையை எடுத்துவிட்டார்.

"அது விஷம்ப்பா. பூச்சியக் கொல்றது."

சாட்டை ஓங்கிய கை தாழ்ந்தது. அப்பா டப்பியையும் நண்பரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "பாட்டில் மேல எழுதி வைக்கக் கூடாதா?" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது, யாரையாவது கேட்டிருப்பாராம்.

"எழுதியிருக்கேன்ப்பா. இங்கிலீஷ்ல."

மூவருமாகக் குழி தோண்டி டப்பியைப் புதைத்தோம்.

சைக்கிள் வாடகை மூன்றணா, அப்பாவுக்குப் புது டப்பி ஓரணா. எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாத எழுத்தில் நான் எழுதிவைத்த அந்த ஒரு வார்த்தைக்கு, இரண்டு உயிரைக் கொடுக்காமல் நாலணாவோடு தப்பினேன்.