துரை இருமினால்

போன வாரம் திருவள்ளூர் மின்சார ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் நெஞ்சில் நீலகிரித் தைலம் தடவியிருந்தார். ஒரே ஒரு தடவை இருமினார். நான் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டேன். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்த வாசனையும் இருமலும் சேர்ந்து வந்தால் எங்கள் நிலம் போய்விடும் என்று பயம் வருகிறது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அறுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் எங்கள் ஊர் நிலமெல்லாம் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குச் சொந்தம். நாங்கள் குத்தகைக்காரர்கள். சுதந்திரம் வந்த பிறகும் அவர்களில் கடைசித் துரை மட்டும் போகவில்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவர், வாரிசு என்று மெட்ராஸில் ஒரு தங்கை மகன். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தலைவர் செத்த வீட்டில் மறுபடி விளக்கேற்ற மாட்டார்கள். பூட்டிவிட்டுக் கூப்பிடு தூரத்தில் புதுப் பங்களா கட்டுவார்கள். சீமையிலும் அவர்களுக்கு அப்படிப் பூட்டிய மாளிகைகள் உண்டாம். துரையின் கூடத்தில் ஒன்றின் படம் தொங்கும், ஜன்னலெல்லாம் பலகை வைத்து அடைத்திருக்கும். அதைப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊரிலும் பூட்டியவை இரண்டு. தாத்தா துரை காய்ச்சலில் செத்தது ஏரிக்கரைப் பங்களா, அப்பா துரை செத்தது புளியந்தோப்புப் பங்களா. பட்டப்பகலில் ஆடுகூட அந்த நிழலில் ஒதுங்காது. மூன்றாவதில்தான் எங்கள் துரை இருந்தார். அதைக் கட்டுவதற்காக என் பெரியப்பா உழுத நிலத்தைப் பிடுங்கினார்கள். மூட்டை தூக்கப் பட்டணம் போனவர் திரும்பவேயில்லை. மூன்று பங்களாவும் ஒரே வரிசை. அந்த வரிசையில் அடுத்த மேடு, நாங்கள் பயிர் வைத்தது.

இப்போது புரிகிறதா? துரை இருமினால் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட மாட்டோம்.

ஒரு மார்கழியில் இருமல் நிற்கவேயில்லை; பங்களா வாசல் வரை நீலகிரித் தைல வாசனை. தங்கை மகன் காரில் வந்தான். மாமனைப் பார்ப்பதற்கு முன்பே எங்கள் வரப்பில் ஏறி, கைத்தடியால் மேட்டைக் குத்திப் பார்த்தான். "இங்க கட்டலாம்" என்று டிரைவரிடம் சொன்னது எங்கள் காதில் விழுந்தது. நைனா மாட்டை அவிழ்க்கவும் மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அம்மாதான் எழுந்தாள். "இன்னாத்துக்கு இடிஞ்சிபோய் குந்திக்கினு கீற? ஆளு உசுரோடதான கீறாரு? நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து காலையில் மிளகு ரசம், சாயங்காலம் தூதுவளைக் கஷாயம். திருவள்ளூர் பெருமாள் குளத்தில் ஒரு வெள்ளைக்காரர் பேரைச் சொல்லி, நோயும் இப்படிக் கரையட்டும் என்று வெல்லம் கரைத்தவள் என் அம்மா ஒருத்தியாகத்தான் இருக்கும்.

துரைக்கு எல்லாம் தெரியும். "பயப்படாதே முனுசாமி, இப்போ சாவ மாட்டேன்" என்று நைனாவிடம் சிரிப்பார். சிரிப்பு இருமலில் போய் முடியும். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

பிழைத்துக்கொண்டார். கன்னத்தில் சதை பிடித்தது. ரயிலடி வரை தனியாக நடந்து போனார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

எழுபதுகளில் ஒரு நாள் எல்லாரையும் பங்களாவுக்குக் கூப்பிட்டார். பெட்டிகளைக் கட்டி வைத்திருந்தார். "இந்த ஊர்ல இனிமே பூட்டுன ஊடு வாணாம்" என்றார். நிலம் மொத்தத்தையும் ஃபேக்டரி கட்ட விற்றுவிட்டாராம், எங்கள் வீடுகள் இருந்த ஊர் நத்தம் உட்பட. சீமைக்குப் போகிறாராம். பிறகு அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினார்.

"உன் ரசம் இல்லேன்னா அந்த மார்கழியிலயே போயிருப்பேம்மா."

வீடு திரும்பும் வழியில் நைனா சொன்னார்: "அப்பவே போயிருந்தா நம்ம மேடு மட்டுந்தான் போயிருக்கும்."

இப்போது அந்த மூன்று பங்களாவும் இல்லை, புளியந்தோப்பு இல்லை, ஊரே இல்லை. நீளமான மதில் ஒன்று இருக்கிறது, ஷிஃப்ட் முடிந்தால் சங்கு ஊதுகிறது. அம்மா அதற்குப் பிறகு மிளகு ரசம் வைக்கவேயில்லை. திருவள்ளூரில், மணவாள நகர் வாடகை வீட்டில் நைனா இருமி இருமிக் கிடந்தபோதும் வைக்கவில்லை.